அளவு தெரிந்தவன்

தேர்தலுக்காக எங்கள் மதுக்கடையை மூடி அரக்கு வைத்தது ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. உள்ளாட்சித் தேர்தல்தான். செவ்வாய்க்கிழமை ஓட்டு, புதன்கிழமை எண்ணிக்கை. அதுவரை ஊர் எல்லைக்குள் ஒரு சொட்டுக்கூட விற்கக் கூடாது என்று அச்சடித்த உத்தரவு வந்திருந்தது. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் மறுபடி திறக்க வேண்டும்.

அரக்கு வைக்க வந்த அலுவலர் வயதில் சின்னவர், வேலையில் கறார். பூட்டின் மேல் வெள்ளைத் துணியைச் சுற்றி நூலால் கட்டினார். மெழுகுவர்த்தியில் அரக்குக் குச்சியைக் காட்டி, சிவப்பாக நாலைந்து சொட்டு விழவிட்டு, பித்தளை முத்திரையை அழுத்தினார். எங்கள் கடைப் பூட்டு பழையது. சாவி உள்ளே போனால் சுலபத்தில் திரும்பாது. நான் இரண்டு கையாலும் மல்லுக்கட்டிப் பூட்டியதைப் பார்த்துவிட்டு, சாவி வைத்திருக்கிறவராலேயே முடியவில்லை, இதற்கு அரக்கு வேறா என்று சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அப்படி நின்றவர்களில் சாவிக்காரரும் ஒருவர். கடைத்தெரு முனையில் ஒரு மர மேசை, ஒரு குடை, கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட வெற்றுச் சாவிகள், நாலு அரம். அதுதான் அவருடைய கடை. பூட்டு ரிப்பேர் செய்வார், மாற்றுச் சாவி போட்டுக் கொடுப்பார். கூட்டத்தில் ஒருவன் அவரைச் சீண்டினான்.

"உங்க கையிலதாண்ணே இருக்கு. ஒரு மாத்துச் சாவி போடுங்க, மூணு நாளும் ஜேஜேன்னு ஓட்டிடலாம்."

சாவிக்காரர் சிரிக்காமலே சொன்னார்: "பூட்டுக்குச் சாவி போடலாம். அரக்குக்கு எப்படிப்பா போடுறது?"

அன்றைக்கு நாலு மணிக்கு அவர் தன் வழக்கமான பாட்டிலை வாங்க வந்தபோது நான்தான் சொன்னேன், ஆளுக்குப் பத்து வரை கொடுக்கலாம் என்று உத்தரவு இருக்கிறது, மூன்று நாளைக்குச் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் அந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, வேறு வேண்டாம் என்றார். இந்த மூன்று நாளையும் சும்மா இருந்து கடந்துவிட்டால் அப்படியே விட்டுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறாராம். அவர் மனைவி அதற்காக வேண்டுதல் வைத்திருக்கிறாளாம். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. கடவுள் நல்ல புத்தி கொடுத்திருக்கிறார், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஓட்டை வழியாகக் கையை நீட்டி அவர் கையைத் தொட்டேன்.

அந்த ஓட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே இரும்புக் கம்பி வலை. அதில் ஒரு கை மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. பதினோரு வருடமாக நான் முகங்களைவிடக் கைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சிமெண்டு அரித்த கை, மோதிரம் இருந்த தடம் மட்டும் வெளுத்துத் தெரியும் கை, நகம் சீராக வெட்டிய கை. சாவிக்காரரின் கட்டைவிரல் ரேகையில் இரும்புத்தூள் கருப்பாகப் படிந்திருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு வரும்போது அந்தக் கை இலை மாதிரி ஆடும். நாலு மணிக்கு வரும்போது ஆடாது. கடை மூடும் நேரத்தில் மூன்றாம் முறையாக வரும்போது கல் மாதிரி நிற்கும். மிக நுணுக்கமான வேலைகளை மதியத்துக்கு மேல்தான் எடுப்பார் என்று கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பது எனக்குத் தெரியும்.

நான் குடிப்பதில்லை. தினமும் கடை திறக்கும் முன் கண்ணை மூடி, என் கையால் யாருக்கும் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். வேண்டிவிட்டுத் திரும்பி அலமாரியிலிருந்து பாட்டிலை எடுப்பேன். இதிலுள்ள முரண் எனக்கும் தெரியாமல் இல்லை. என் மனைவி ஒரு தடவை கேட்டாள், நீங்கள் வேண்டுவதைக் கடவுள் கேட்டால் நமக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று. கேட்டுவிட்டு அவளே சங்கடப்பட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஆகவே முடிந்தபோதெல்லாம் சின்னச் சின்ன நன்மைகள் செய்வேன். விழுந்து கிடப்பவரை நிழலுக்கு இழுத்துப் போடுவேன். மறந்துவிட்டுப் போன குடையை எடுத்து வைப்பேன். அந்த வரிசையில்தான் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நன்மை செய்தேன்.

சாவிக்காரரின் மனைவி அன்றைக்குக் காலையில், கடை திறக்கும் முன்னாலேயே கடையின் பக்கத்துக் கதவுக்கு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்ப்பவள். துடைப்பம் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. அதுவரை பேசியதில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணே, அவரு ஒரு நாளைக்கு எவ்வளவுண்ணே வாங்குறாரு? வீட்டுல கேட்டா ஒரே ஒரு குவார்ட்டர்ங்கிறாரு. நம்பலாமாண்ணே?"

அவள் கண் நிறைந்து நின்றது. நான் மூன்று என்று சொல்லியிருக்க வேண்டும். சில நாள் நாலு. என் வாயில் வந்தது வேறு.

"ஒண்ணுதாம்மா. அதுக்கு மேல கேட்டாலும் நான் குடுக்கிறதில்ல."

அவள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தாள், நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். அதிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவையாவது அவர்கள் வீட்டு மரத்துக் கொய்யாப்பழம் ஒரு பையில் பக்கத்துக் கதவில் தொங்கும். தெருவில் பார்த்தால் நின்று, உங்களுக்காகவும் தினம் வேண்டிக்கிறேண்ணே என்பாள். அந்தப் பழம் எனக்கு ஒரு நாளும் தொண்டையில் இறங்கியதில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் மனசை நோகடிக்காமல் காப்பாற்றினேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவிக்காரரும் விஷயம் தெரிந்து, உங்களுக்குப் புண்ணியமாப் போகும் என்று சொன்னார். அன்றைக்கு அவர் வாங்கியது நாலு.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் ஓட்டுப் போடப் போனேன். அவள் வேலை பார்க்கும் அதே பள்ளிக்கூடம். முதல் நாள் அவள் கூட்டித் துடைத்த வகுப்பறையில்தான் ஓட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. எனக்கு முன்னால் ஆறு பேர். பக்கத்து வரிசையில் அவள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ரெண்டு நாள் ஆச்சுண்ணே. தொடல. நீங்களும் நல்ல வார்த்தை சொன்னீங்களாம்."

எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவள் வரிசையில் நகர்ந்துகொண்டே சொன்னாள். நேற்றுக் காலையில் உடம்பெல்லாம் நடுங்கி வேர்த்து ஊற்றியதாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாளாம். டாக்டரம்மா எவ்வளவு குடிப்பார் என்று கேட்டார்களாம். அவர் ஒன்றும் பேசாமல் குனிந்துகொண்டதால் இவளே சொன்னாளாம், ஒரு குவார்ட்டர்தான், கடைக்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார் என்று. அப்படியானால் பயமில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, கூடினால் உடனே வரச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இன்றைக்குத் தம்பியைக் காவல் வைத்துவிட்டு ஓட்டுப் போட வந்திருக்கிறாள்.

"இப்ப எப்படி இருக்காரும்மா?"

"வேலை ஞாபகம் வந்துடுச்சுண்ணே" என்று அவள் சிரித்தாள். "விடிஞ்சதுலேருந்து கட்டில்ல உக்காந்து வெறும் கையில சாவி ராவிக்கிட்டு இருக்காரு. ராவி ராவி ஊதுறாரு, வெளிச்சத்துல தூக்கிப் பாக்கிறாரு. தூளு கண்ணுல விழுதுன்னு என்னைத் தள்ளி நிக்கச் சொல்றாரு. பாவம், எத்தனை நாளைக்கு அப்புறம் காலையிலேயே வேலை செய்யணும்னு தோணியிருக்கு."



ஐந்து வருடத்துக்கு முன் இதே போன்ற தேர்தலில், எங்கள் கடை இதே மாதிரி மூடியிருந்தபோது, மூட்டை தூக்குகிறவர் ஒருவர் கடைப் படியில் வந்து உட்கார்ந்தார். இல்லாத கோழிகளை விரட்டினார். எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். நானும்தான். பிடி பிடி, அந்தப் பக்கம் ஓடுது என்று சிலர் எடுத்துக் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் வலிப்பு வந்து அந்தப் படியிலேயே இறந்துபோனார். தினமும் ஏராளமாகக் குடிக்கிறவன் திடீரென்று ஒரே அடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது, மருத்துவர் கண்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று பிற்பாடு ஒரு நர்ஸ் எனக்குச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சாவிக்காரரின் கையைத் தொட்டு வாழ்த்தியபோது அது என் நினைவில் வரவே இல்லை. கடவுள் தடுத்தாட்கொண்டார் என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

எனக்கு முன்னால் இப்போது இரண்டு பேர். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். இது வேலை ஞாபகம் இல்லை, நான் இதை முன்பே பார்த்திருக்கிறேன், உடனே வீட்டுக்குப் போகலாம் வா என்று அவளிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து அவளும் வந்துவிட்டாள். அந்த இரண்டு தெருவை நடக்கும்போதே அவளிடம் மீதியையும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வீடு ஒற்றை அறை. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கப் பழைய சாவிகள். சாவிக்காரர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இடது கையில் ஒன்றுமில்லை, அதை இறுக்கிப் பிடித்திருந்தார். வலது கையிலும் ஒன்றுமில்லை, அதைக் கொண்டு அராவிக்கொண்டிருந்தார். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். ஒவ்வொரு நாலு தடவைக்கும் ஒரு ஊதல். நான் கூப்பிட்டதும் நிமிர்ந்து பார்த்தார். என்னைத் தெரியவில்லை. சாவிக்குப் பல்லு சரியாகவே விழ மாட்டேங்குது, வாடிக்கைக்காரர் வாசலில் நிற்கிறார் என்று வருத்தத்தோடு சொன்னார். வாசலில் யாரும் இல்லை. தண்ணீர் கொடுத்தால் விழுங்கத் தெரியவில்லை, தாடையில் வழிந்தது.

அவளுடைய தம்பி என்னைக் கதவுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனான். நல்ல பையன்தான், லாரி ஓட்டுகிறவன், நாலு ஊர் பார்த்தவன்.

"அண்ணே, அக்காவுக்குத் தெரிய வேணாம். மாமாவுக்கு ஒரு மூடி ஊத்தினா அடங்கிடும். சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த யோசனை எனக்குப் பிடித்தது. அரக்கை உடைத்தவனுக்கு என்ன தண்டனை என்று உத்தரவில் எழுதியிருந்தது, அது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு பாட்டிலோடு இவர் அடங்கிவிட்டால் டாக்டர் வேண்டாம். டாக்டர் வேண்டாம் என்றால் அந்தக் கேள்வி வராது. நான் சொன்ன பொய் அப்படியே உள்ளே கிடக்கும், கொய்யாப்பழமும் வந்துகொண்டிருக்கும். ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றுகிற மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். கை சட்டைப்பைக்குப் போனது எனக்கே தெரிந்தது.

உள்ளே ஊதுகிற சத்தம் நின்றது. அந்த நிசப்தத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். அவர் இல்லாத சாவியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். விழி மேலே போய்க்கொண்டிருந்தது.

"தண்ணியே இறங்கல, மூடியா இறங்கும்?" என்று தம்பியிடம் சொன்னேன். "தூக்கி வெச்சுக்க. வண்டி கொண்டு வரேன்."

தேர்தல் நாள். தெருவில் ஒரு வண்டி கிடையாது. பள்ளிக்கூட வாசலில் மட்டும் ஒரு ஜீப் நின்றது. முன்கண்ணாடியில் 'தேர்தல் பணிக்கு மட்டும்' என்று ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைக்கு அரக்கு வைத்த அதே அலுவலர். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆம்புலன்சுக்குச் சொல்லலாமே என்றார். அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று போனில் கேட்டார். கேட்டுவிட்டு டீயைப் பாதியில் கொட்டினார்.

"ஏறுங்க. என்னைப் பாத்து ஏன்னு கேக்கிறவங்களுக்கு நான் எழுதிக்கிறேன்."

வலிப்பு வழியிலேயே வந்துவிட்டது. பின் இருக்கையில் நான் தலையைப் பிடித்துக்கொண்டேன், தம்பி காலைப் பிடித்துக்கொண்டான். அவள் நடுவில் மண்டியிட்டு, கடவுளே, ஒரு குவார்ட்டருக்கா இப்படி, ஒரு குவார்ட்டருக்கா இப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தாள். என் மடியில் அவள் கணவனின் தலை. அப்போதும் நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. முதல் நாள் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஊசிக்குச் சொல்லிக்கொண்டே, இவ்வளவு கொஞ்சம் குடிக்கிறவருக்கு இப்படி வரக் கூடாதே, தலையில் எங்காவது அடிபட்டதா, வேறு காய்ச்சலா என்று கேட்டார். ஸ்கேன் எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். கடைசியாக ஒரு தடவை கேட்டார்.

"நிச்சயமா ஒரு நாளைக்கு ஒரு குவார்ட்டர்தானா?"

"ஆமாம்மா, இதோ, இந்த அண்ணன்தான் விக்கிறவரு. அவரே சொன்னது" என்று அவள் என்னைக் கைகாட்டினாள். அந்தக் கையில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதை நான் கைகளைப் பார்த்துப் பழகியவன் என்பதால் சொல்கிறேன்.

"இல்ல டாக்டர்" என்றேன். "மூணு. பகல் பன்னிரண்டு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு, கடை மூடுறப்ப ஒண்ணு. சில நாள் நாலு. ஆறு வருஷமா. கடைசியா வாங்கினது ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு. இவங்ககிட்ட நான் பொய் சொன்னேன்."

டாக்டரம்மா முதல் நாள் சீட்டைக் குறுக்கே அடித்தார். புதிதாக எழுதினார். நர்ஸிடம் மருந்தின் அளவை மாற்றிச் சொன்னார், பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், இங்கேயே கட்டில் போடுங்கள் என்றார். எழுதிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், ஒரு குவார்ட்டர் ஆளுக்கு நேற்று நான் கொடுத்தது சரி, மூன்று குவார்ட்டர் ஆளுக்கு அது காணாது, நேற்றே தெரிந்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது கோபத்தைவிடக் கனமாக இருந்தது.

வெளியே நடைபாதையில் ஒரு மர பெஞ்சு. அவள் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் நின்றேன். அவள் கேட்டாள்.

"அன்னைக்கு ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"நீ அழுதியேம்மா. பாக்க முடியல."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அழ விட்டிருக்கலாம்ல."

அதற்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. நானும் மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் மன்னித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அப்படிக் கேட்டு வாங்கிக்கொள்வதுகூட அவள் முதுகில் இன்னொரு சுமையை ஏற்றுவதுதான். நான் பெஞ்சுக்கு எதிரே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். என் கையால் கெடுதல் வரக் கூடாது என்று வேண்டவில்லை. வந்துவிட்டது. இவர் பிழைக்கட்டும் என்று மட்டும் வேண்டினேன்.

ஐந்து மணிக்கு ஓட்டுப் பதிவு முடிந்தது. நான் ஓட்டுப் போடவில்லை, அவளும் போடவில்லை. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் தட்டில் சோற்றைப் போட்டாள். பிறகு, நாளைக்கும் போங்கள், அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

புதன்கிழமை காலையில் போனேன். அவரைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கட்டியிருந்த கையின் விரல்கள் மட்டும் இன்னும் எதையோ அராவிக்கொண்டிருந்தன. வெளியே எண்ணிக்கை நடந்தது. யார் ஜெயித்தார்களோ, தெருவில் ஒலிபெருக்கியும் கோஷமும் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். தம்பி ஒரு பன்னும் டீயும் வாங்கி வந்து அக்காவிடம் கொடுத்துவிட்டு மருந்துக்குப் போனான். அவள் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அதை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைப் பெஞ்சின் மறு ஓரத்தில் காகிதத்தின் மேல் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் தரையிலிருந்து எழுந்து அந்த ஓரத்தில் உட்கார்ந்து அதைத் தின்றேன். இரண்டு வருடம் இறங்காத பழங்களையெல்லாம் சேர்த்து விழுங்குவது போலிருந்தது, ஆனால் இறங்கியது.

பகல் ஒரு மணிக்கு அந்த விரல்கள் நின்றன. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினோம். டாக்டரம்மா நாடி பார்த்துவிட்டு, தூங்குகிறார், நல்ல தூக்கம் என்றார்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அலுவலர் வந்து அரக்கை உடைத்தார். வாசலில் பெரிய வரிசை. மூன்று நாளைக்கான தாகம் எல்லா முகத்திலும் இருந்தது. அவர் எப்படி இருக்கிறார் என்று அலுவலர் மெதுவாகக் கேட்டார். கண் விழித்துவிட்டார், மனைவியை அடையாளம் தெரிகிறது என்றேன். ஜீப் நாற்பது நிமிடம் எங்கே போயிற்று என்று மேலிடத்தில் விளக்கம் கேட்டார்களாம்.

"என்ன எழுதினீங்க சார்?"

"ஓட்டுப் போட முடியாத வாக்காளருக்கு உதவின்னு எழுதினேன். பொய் ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டு, உடைந்த அரக்குத் துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனார்.

நான் பூட்டோடு மல்லுக்கட்டித் திறந்தேன். கண்ணை மூடினேன், என்ன வேண்டுவது என்று தெரியவில்லை, திறந்துகொண்டேன். அன்றைக்கு ஒன்று மட்டும் செய்தேன். வெகுநாள் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும், நிறுத்த நினைத்தால் ஒரே அடியாக வீட்டில் நிறுத்தாதீர்கள், முதலில் டாக்டரிடம் போய் உண்மையான அளவைச் சொல்லுங்கள் என்று ஓட்டை வழியாகச் சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். கடைக்காரரே தன் பொழைப்பைக் கெடுத்துக்கிறாரு என்றான் ஒருவன். ஒரு கை மட்டும் பாட்டிலை வாங்காமல் கொஞ்ச நேரம் நின்றது, எந்த டாக்டர் என்று கேட்டது.

நாலு வாரம் கழித்து ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு ஓட்டை வழியாக அந்தக் கை வந்தது. கட்டைவிரலில் இரும்புத்தூள். கை ஆடவில்லை. அதனால்தான் அடையாளம் கண்டுகொள்ள ஒரு நொடி ஆயிற்று. குனிந்து பார்த்தேன். சாவிக்காரர் மெலிந்திருந்தார், சவரம் செய்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார். "நிஜமாவே ஒண்ணு."

எனக்கு அவரை விரட்ட உரிமை கிடையாது. நான் விற்கிறவன், கடை திறந்திருக்கிறது, எந்த உத்தரவும் இல்லை, எந்த அரக்கும் இல்லை. நான் அலமாரி பக்கம் திரும்பவில்லை.

"கேட்டா குடுக்கணும்னுதான் என்னை இங்க உக்கார வெச்சிருக்காங்க. ஆனா தங்கச்சி வந்து கேட்டா, எத்தனைன்னு சொல்லுவேன். ஒண்ணுன்னா ஒண்ணு. மூணுன்னா மூணு. இனிமே குறைச்சுச் சொல்ல மாட்டேன்."

பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் ஆகட்டும் என்று முணுமுணுத்தார்கள். அந்தக் கை வலைக்குள்ளேயே இருந்தது. பிறகு மெல்ல வெளியே போயிற்று. அவர் போய்விட்டார் என்று நினைத்து அடுத்தவரைக் கவனித்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கதவில் ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சாவிக்காரர் எங்கள் பூட்டைச் சாவியோடு கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். மூட்டை தூக்குகிறவர் உட்கார்ந்திருந்த அதே படி. துவாரத்தில் எண்ணெய் விட்டு, சாவியை நுழைத்து, திருப்பி, எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இந்தத் தடவை கையில் நிஜச் சாவி இருந்தது.

"இதை அன்னைக்கே பாத்தேன். துரு" என்று மட்டும் சொன்னார். முடித்ததும் பூட்டை என் கையில் வைத்துவிட்டு, கடைத்தெரு முனைக்கு நடந்தார்.

சாயங்காலம் அவள் வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்திருந்தாள், கையில் பை எதுவும் இல்லை. பக்கத்துக் கதவில் நின்று கேட்டாள்.

"இன்னைக்கு வந்தாராண்ணே?"

"வந்தாரு" என்றேன். "கேட்டாரு. வாங்காமப் போயிட்டாரு. நாளைக்கு என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியலம்மா."

அவள் அழவில்லை. தலையை ஆட்டினாள். நாளைக்கும் இதே நேரத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு நான் கடையைப் பூட்டும்போது சாவி ஒரு விரலுக்கே திரும்பியது.